குழி விட்டுக்கொடுக்காது

கேரம் ஆடும்போது அப்பா கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நீங்கள் அம்மாவிடம் புகார் சொல்கிறீர்கள். அதற்குக் காரணம் உண்டு பிள்ளைகளா. ராஜபாளையத்தில் ஒரு வீடியோ கேம் கடையில் நடந்த சங்கதி அது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நானும் என் கூட்டாளியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்தோம். பகல் ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்குப் போவது கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் கேசட் கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் ஒரு டிவி, சிடி போட்டு ஆடும் ஒரு பெட்டி, ஒரு பெஞ்சு. அங்கே ஒரே ஆட்டம்தான். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்ளும் சண்டை ஆட்டம். பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது.

தோற்றவன் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம் என்பது கடைச் சட்டம். அங்கே பெரிய ஆட்டக்காரர் ஒரு மெக்கானிக். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதிராளியைச் சாய்த்ததும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லேவரா" என்பார். எழுந்திருடா என்று அர்த்தம். என் கூட்டாளி ஒருவன்தான் அந்த வார்த்தையை அவருக்கே திருப்பிச் சொன்னவன்.

அப்பேர்ப்பட்டவனின் வலது கை மில் மெஷினில் சிக்கிவிட்டது. ஆட்காட்டி விரல் போயிற்று, கட்டைவிரலில் பாதி போயிற்று. கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தான். ஜாய்ஸ்டிக்கைத் தொடையில் வைத்து, நடுவிரல் முட்டியால் பட்டனைக் குத்தினான். ஜெயித்தான். அடுத்து வந்தவனையும் ஜெயித்தான். மெக்கானிக்கையும் ஜெயித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்: "அவரு பட்டனே அமுக்கலலே. நான் பாத்தேன். சும்மா கையில வச்சிருந்தாரு."

"உனக்காகத்தான மாப்ள..."

"எனக்காக ஒண்ணும் வேண்டாம். என்னையச் சாய்ச்சு எந்திரின்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல, பாத்தியா?"

அதன்பிறகு அவன் கடைப்பக்கம் வரவில்லை. வீட்டிலும் அவனை யாரும் திட்டுவதில்லையாம். அதையும் ஒரு குறையாகத்தான் சொன்னான்.

சில மாதம் கழித்து பாய் மதுரையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். அட்டையில் அதே சண்டைக்காரன். அடுத்த பாகம் என்று எல்லோரும் முண்டியடித்தோம். போட்டுப் பார்த்தால் அந்த ஆள் தனியாக நடக்கிறான், பாறைக்குப் பாறை தாவுகிறான், சாவி தேடுகிறான், குழியில் விழுந்து சாகிறான். மெக்கானிக் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் அடியாட்களைத் தாம்தான் ஓட்டுவதாக நினைத்து ரொம்ப நேரம் குத்திக்கொண்டிருந்தார். பாய் அதன் வயரைப் பிடுங்கிக் காட்டினார். அடியாட்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க ஆட்டத்துலயே இல்ல."

அன்றைக்குக் கடையில் ஒரே ஏச்சு.

"சண்டை போடுறவன மலையேற விட்டுருக்கான். கூமாப்பட்டிக்கு நடந்து போற மாதிரில்லா இருக்கு!"

"திரும்புறதுக்கு ஒரு பட்டனாம்! பொறவு மூச்சு விட ஒரு பட்டன் வப்பானா?"

அந்தக் கோபம் நியாயமானதுதான். சண்டை ஆட்டத்தில் எதிரி எந்தப் பக்கம் போனாலும் நம் ஆள் தானாகத் திரும்பிக்கொள்வான். இதில் அதற்கென்று தனிப் பட்டனை அமுக்க வேண்டும். மறந்தால் முதுகில் அடி விழும். அடுத்த தடவை மதுரை போகையில் மாற்றிவிடுகிறேன் என்று பாய் சிடியை அட்டைக்குள் போட்டுவிட்டார்.

ஒத்தை ஆள் ஆடுவது என்றதும் எனக்குக் கூட்டாளி ஞாபகம் வந்தது. அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். யோசித்துவிட்டு, "கூட்டம் இல்லாத நேரத்துல வாரேன்" என்றான்.

மத்தியான நேரமாகப் பார்த்து வந்து ஆடினான். எனக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், அதனால் கூடவே இருந்தேன். முட்டியால் அமுக்குவதற்குள் குழியில் விழுந்தான். மறுபடி முதலிலிருந்து. பிறகு திரும்பும் பட்டனை மறந்து முதுகில் அடி வாங்கினான். மறுபடி முதலிலிருந்து. நான் ஆடியபோது எனக்கும் அதே குழி, அதே சாவு. அடுத்தடுத்த நாளும் வந்தான். பாய் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் ஏசுறாங்க, ஒனக்கு மட்டும் எப்படிப்பா பிடிச்சிது?"

"ஆட்டம் மோசந்தான் பாய். ஆனா இந்தக் குழிக்கு என் கையப் பத்தித் தெரியாதுல்ல."

பாய் டீ கிளாசை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

பாய் மதுரை கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கூட்டாளி எங்களோடேயே கடைக்கு வந்தான். பெஞ்சில் மெக்கானிக் இருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பழைய சண்டையவே போடுங்க பாய்" என்றான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, நெசமா ஆடுங்க. இல்லன்னா இப்பமே எந்திரிச்சுப் போயிருதேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டம் செத்த நேரம்கூட நிற்கவில்லை. என் கூட்டாளியின் ஆள் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்காமல் விழுந்தான். இரண்டாம் சுற்றில் முட்டியால் எப்படியோ ஒரு உதை விட்டான், அது பட்டது. அதற்குமேல் மெக்கானிக் விடவில்லை. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

டிவியில் ஜெயித்தவன் கையைத் தூக்கி நின்றான். மெக்கானிக் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பக்கவாட்டில் நின்ற நான் பார்த்தேன்.

"லேவரா" என்றார்.

என் கூட்டாளி எழுந்தான். இடது கையால் லுங்கியைச் சரிசெய்துகொண்டு, எங்களையெல்லாம் தாண்டி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். எனக்கு முன்னால் நின்றவன் அவனுக்கு இடம் விடப் பார்த்தான். "நீ ஒன் இடத்துல நில்லுலே" என்று கூட்டாளி அதட்டினான்.

அந்தக் குழி ஆட்டத்தை மாற்றிவிடவா என்று பாய் கேட்டார்.

"கொண்டு போங்க பாய். எனக்கு இங்கயே ஆள் இருக்கு."