குறட்டை என்னுடையதுதான்

என் குறட்டையைப் பல வருடமாக என் கணவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். பொண்டாட்டி குறட்டை விடுகிறாள் என்று நாலு பேர் பேசினால் மானம் போய்விடுமாம். வீட்டில் தங்கிய விருந்தாளிகள் காலையில் சிரித்தால், "அது நான்தான், மூக்கடைப்பு" என்பார். நானும் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பேன்.

குறட்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. உறக்கத்தில் எனக்கு மூச்சே நின்று நின்று வந்தது. அதைக் கண்டவள் என் மகள். அன்று முதல் என் பக்கத்தில்தான் படுத்தாள். மூச்சு நின்றால் உலுக்கி எழுப்புவாள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். மாப்பிள்ளை முடிவாகி, அவர்களுக்கான அறைக்குப் பெயின்ட்கூட அடித்தாயிற்று. இவளோ காவின் எழுதிக் கல்யாணம் முடிக்க நாள் வைக்கவே விடவில்லை.

"நான் அந்த அறைக்குப் போனா உங்கள ஆர் உம்மா எழுப்புற?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே என் மூச்சா நிற்பது? மறுநாளே ஆசுபத்திரிக்குப் போனேன். என் காலைத் தலைவலியும் பகல் அசதியும்கூட இந்த நோயின் வேலைதானாம். பெண்கள் பலர் அவற்றை மட்டும் சொல்வதால் நோய் பிடிபடாமல் போகிறதாம். உறக்கப் பரிசோதனை செய்துவிட்டு, எனக்கு வாயில் மாட்டும் கருவியே போதுமாகலாம் என்று அக்கரைப்பற்றில் ஒரு பல் டொக்டரிடம் அனுப்பினார்கள்.

அங்கே நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான். "குறட்டைக்கு வந்தவங்க ஆர்? வந்து இருங்க" என்றார் அந்தப் பெண் டொக்டர். பழக்கதோஷம், என் கணவர் விறுவிறுவென்று போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டார்.

"இஞ்சருங்க, எழும்புங்க. குறட்டை என்ட" என்றேன்.

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"ஆம்புளைக்கு வந்தாலும் பொம்புளைக்கு வந்தாலும் வருத்தம் வருத்தந்தானே. இதுல வெக்கப்பட என்ன இரிக்கி?" என்றார் டொக்டர்.

பற்களுக்கு அச்சு எடுத்துக் கருவியைச் செய்து தந்தார். அது கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடித்து, தொண்டையில் காற்றுக்கு வழி விடுமாம். முதலில் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. தாடை வலித்தது. காலையில் அப்பத்தைக் கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. விடுவேனா நான்? திரும்பத் திரும்பப் போய்க் கொஞ்சங் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டேன். பிறகு கருவியோடு மறுபடி பரிசோதித்தார்கள். மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்திருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே வந்தேன்.

மகள் நம்பவில்லை. அன்றும் என் பக்கத்திலேயே படுத்தாள்.

விடியற்காலையில் சுபஹுடைய பாங்கு கேட்டுத் தெளிவாகக் கண் விழித்தேன். தலை வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் அடித்துப் போட்டதுபோல் உறங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை இப்படி உறங்கி எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

கருவியைக் கழற்றிவிட்டு அவளை மெல்லக் கூப்பிட்டேன். பதறி எழுந்தவள் என் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"உசிரோடதான் இரிக்கன் மகள். தொழுதிட்டு, வாப்பாக்கிட்ட நாள் வைக்கச் சொல்லுங்க."