ஞாயிற்றுக்கிழமைக் கம்பி

நூல் மில்லுக்கு ஞாயிறு விடுமுறை, ஆகவே சோதனையும் ஞாயிற்றுக்கிழமைதான். இந்த 'ஆகவே'யோடுதான் இருபது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மில்களில் வயரிங்கைச் சோதித்துச் சான்று எழுதுவது என் பிழைப்பு. எந்திரத்தின் இரும்பில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் கம்பி வழியாக மில்லின் டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பி ஓட வேண்டும். அப்படி ஓடுகிற வேகத்தில் பிரேக்கர் சட்டென்று விழுந்து மின்சாரத்தை வெட்ட வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில் தடை எவ்வளவு என்று என் மீட்டர் சொல்லும். தடை கூடினால் பிரேக்கர் தாமதிக்கும். அது தாமதிக்கிற நேரமெல்லாம் எந்திரத்தில் கை வைத்திருப்பவர் உடம்பில் மின்சாரம்.

செம்பட்டி சாலையில் ஒரு மில். போன கோடையில் ஒரு ஞாயிறு காலை அங்கே போனபோது, எலக்ட்ரீஷியன் அண்ணன் எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடிக்கு ஊற்றுகிற மாதிரி அத்தனை பரிவு.

"வா அப்பு. குழி குளுந்து கெடக்கு. ரீடிங் சும்மா தேனா வரும் பாரு."

"அண்ணே, நான் பாக்கப்போறது கம்பியை. கரண்ட்டு திரும்பிப் போறது கம்பி வழியா. குழிக்கு இதுல வேலையே இல்ல."

"இம்புட்டு நாளா ஊத்துறேன், ஒருத்தனும் இப்பிடிச் சொன்னதில்ல."

ஷெட்டின் கடைசியில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் எந்திரம். அதை ஓட்டும் பெண்ணை அப்போது நான் பார்த்ததில்லை. ஆனால் எந்திரத்தின் சட்டத்தில், இடுப்பு உயரத்தில், ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவப் போகும்போது எடுத்து ஒட்டி வைத்துவிட்டு மறந்தவை. சிவப்பு, மெரூன், ஒரு பச்சை. ஒரு கை தினமும் எங்கே ஊன்றுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

மீட்டர் 1.31 ஓம் காட்டியது. அந்தப் பிரேக்கருக்கு 1.44 வரை போகலாம்.

"பாஸ்" என்றார் அண்ணன்.

பாஸ் இல்லை. அன்று எந்திரம் ஓடாததால் கேபிள் இருபத்தெட்டு டிகிரியில் தூங்கிக்கொண்டிருந்தது. முழுப் பளு இழுத்தால் எழுபது வரை சூடேறும். செம்பு பத்து டிகிரி ஏறினால் தடை நூற்றுக்கு நான்கு ஏறும். கணக்குப் போட்டேன், ஒன்றரையைத் தாண்டியது. சூட்டுக் கணக்கில் தேறவில்லை என்று எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மீட்டர்ல வந்ததை எழுதுங்க சார். வராததை ஏன் எழுதுறீங்க?"

"இவரு கவிதை எழுதுறவரு சார், கற்பனை வரத்தான் செய்யும்" என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்குத் திருத்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடி போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. காலை ஆறிலிருந்து எந்திரம் ஓடுகிறது. அளப்பதற்குப் பத்து நிமிடம் நிறுத்தித் தரச் சொன்னால் அண்ணன் கையை விரித்தார். "புரொடக்‌ஷன் நிக்கும், மேனேஜர் என்னைய உரிச்சுருவாரு."

வைண்டிங்கில் நின்ற பெண் கேட்டுக்கொண்டிருந்தார். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மில் வேனில் வருகிறவர், நாற்பது வயதிருக்கும்.

"என்ன சார் பாக்கணும்?"

"இதுல கரண்ட்டு கசிஞ்சா ஒங்களுக்கு அடிக்குமா, அதுக்கு முன்னாடி நின்னுருமான்னு பாக்கணும்மா."

அவர் சட்டத்திலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். பிறகு எந்திரத்தை நிறுத்தினார்.

"எனக்குத் தண்ணி தவிக்குது. செத்த நேரம் ஆகும்ண்ணே" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கேபிள் ஆறுவதற்குள் எந்திரத்தின் மின்பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். 1.46. இப்போது இது கற்பனை இல்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "வெயில்ல ஒன் மீட்டரே சூடாயிருச்சு போல." ஆனால் இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அவரே போய் மேனேஜரைக் கூட்டிவந்தார்.

எந்திரம் நின்றது. தடித்த எர்த் கம்பி தனியாக இழுக்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அந்தப் பெண்ணைக் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போட்டார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு இருமியவர், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணக்குச் சரி. சரியாக இருந்து யாருக்கு என்ன கிடைத்தது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் குமைந்தேன்.

பத்தாம் நாள், எந்திரத்தை எட்டு மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டோடு அளந்தேன். 1.02. அந்தப் பெண் வந்து சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். அதே இரும்பு, அதே இரைச்சல், அதே பொட்டுகள்.

"இதுக்கா சார் ஒம்பது நாளு?"

"ஆமாம்மா."

"ஒண்ணும் மாறலயே."

ஆபத்து போன இடம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டச் சொன்னால் என்னிடம் என்ன இருக்கிறது? படிவத்தில்கூடக் கம்பியின் சூட்டுக்குக் கட்டம் கிடையாது. ஓரத்து வெள்ளையில், மேனேஜர் முறைக்க முறைக்க, நேரத்தையும் டிகிரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அடுத்த டெஸ்ட்டு எப்ப அப்பு?" என்றார் அண்ணன்.

"வேலை நாள்லண்ணே. மத்தியானம்."

"சரி சரி" என்றவர், திரும்பிப் போகிற வழியில் எர்த் குழியில் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் அந்தப் பெண் எந்திரத்தை ஓடவிட்டு, சட்டத்தில் கை ஊன்றி நின்றார்.