பழப்புளி போட்ட பதக்கம்

எண்பதுகளின் கடைசியில், வெம்பிளியில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். ஒட்டிய கன்னம், வீட்டுக்குள்ளும் கழற்றாத கம்பளித் தொப்பி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் அலைந்து பழைய ஜெர்மன் இராணுவப் பதக்கங்களைச் சேர்ப்பார். வெள்ளைக் கையுறை போடாமல் ஒன்றையும் தொடமாட்டார். என்னைத் தொடவே விடமாட்டார். பூதக்கண்ணாடியால் பதக்கத்தின் வளையத்தில் செய்தவரின் எள்ளளவு முத்திரையைத் தேடிப் பிடித்து, "அசல்தான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார்.

ஒருமுறை பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீடு திரும்பிய நாள் வெள்ளிக்கிழமை. காலையில் சாமி விளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கும்போது, முதலாம் உலகப்போர்க் காலத்து இரும்புச் சிலுவைப் பதக்கம் ஒன்று அவர் மேசையில் கறுத்துப்போய்க் கிடந்ததைக் கண்டேன். பாவம், வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அதையும் உப்புப் போட்டுத் தேய்த்தேன். பல வருஷமாய் ஏறியிருந்த கறுப்பெல்லாம் போனது. வெள்ளி விளிம்பு பளபளத்தது.

வந்தவர் கையுறையைப் போட்டுக்கொண்டு நேரே மேசைக்குத்தான் போனார். நெடுநேரம் குனிந்து நின்றார்.

"ஊத்தையெண்டு நினைச்சிட்டன் ஐயா."

"அந்தக் கறுப்புத்தான் பிள்ளை அதின்ரை வயசு."

"திரும்ப வராதோ?"

"வரும். இன்னும் எழுபது வருஷம் செல்லும்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். வெறுங்கையால் பதக்கத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பிடி. இனி ஆரும் தொடலாம்."

அதை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.