தண்ணீர் லாரிக்குப் பொறுப்பான ஆசிரியர்

நஸ்ருன்னிசா அச்சுத்தாளைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, பசை தடவி, பக்கம் அமைக்கும் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ‘மயிலைச் சாளரம்’ வீட்டு வாசலில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை. அதற்கு விளம்பரம் பிடிக்கத்தான் அவள் வேலைக்கு வந்தாள். பழைய ஆசிரியர் மகனோடு இருக்கப் பம்பாய் போய்விட்டார். இந்த இதழைத் தனியாகக் கொண்டுவந்து காட்டினால் ஆசிரியர் வேலை அவளுக்கு என்றார் முதலாளி பரத்வாஜ். பிசகினால் பழையபடி கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் லாரி என்று போட்டால் எல்லோரும் படிப்பார்கள் என்று யோசித்தவள் அவளே. நல்ல யோசனைதான். ஆனால் மின்விசிறிக் காற்றில் இரண்டு துண்டுகள் பறந்தன. பொறுக்கி எடுத்து ஒட்டியதில் கிணற்றுத் தெருவின் நாளும் பந்தல் தெருவின் நாளும் இடம் மாறியதை அவள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லாரி ஒழுங்காகக் கிணற்றுத் தெருவுக்கு வந்தது. அங்கே ஒரு குடம்கூட இல்லை; டிரைவர் திரும்பிப் போய்விட்டார். பக்கத்துப் பந்தல் தெருவிலோ, வராத லாரிக்காகத் தெருமுனை வரைக்கும் குடங்கள்.

“போனைக் கீழே வைக்க முடியலேம்மா!” என்றார் பரத்வாஜ். “லாரிக்காரன் மேல பழியைப் போட்டுடு. நம்ம தப்புன்னு ஒத்துண்டா அப்புறம் யார் நம்புவா?”

“அவரு சரியாத்தான் வந்தாரு சார். நான்தான் மாத்தி ஒட்டிட்டேன். போய்ச் சொல்லிட்டு வரேன்.”

“சொன்னா உன் வேலை என்ன ஆறதுன்னு யோசிச்சியா?”

“அதை நீங்க யோசிங்க சார்” என்று செருப்பை மாட்டினாள்.

பந்தல் தெருவில் நின்று, “தப்பு என்னுது. லாரி உங்களுக்கு நாளைக்குத்தான்” என்றாள்.

“இன்னாமா, வெளாட்டா கீதா?” என்று பாய்ந்தாள் பூக்காரி ஒருத்தி. “உன் பேப்பரை நம்பித்தான் இருந்த தண்ணிய எல்லாம் நேத்து தலைக்கு ஊத்திக்கினேன்!”

முனையில் பாத்திரக்கடை அய்யாதுரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓசிப் பேப்பர் பஜ்ஜி மடிக்கத்தான் லாயக்கு என்று அவளைப் பலமுறை திருப்பி அனுப்பியவர்.

“ஏம்மா, இத்தனை பேரும் உன் பேப்பரைப் பாத்துட்டா வந்தாங்க?”

“ஆமாண்ணே.”

“தப்பாப் போட்டதுக்கே இவ்ளோ கூட்டமா! அடுத்த வாரம் என் கடையையும் போடு. விலாசத்தை மட்டும் மாத்தி ஒட்டிடாதே.”

அவள் நேரே தண்ணீர் டிப்போவுக்குப் போய், கிணற்றுத் தெருவுக்கு மறுநாள் ஒரு நடை கூடுதலாகக் கேட்டு, அங்கிருந்த அதிகாரி ‘சரி’ என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அவள் ஆபீசுக்குத் திரும்பி வந்தபோது, அய்யாதுரை பரத்வாஜைப் போனில் கூப்பிட்டு விளம்பரம் பேசி முடித்திருந்தார். பரத்வாஜ் முகம் தெளிந்திருந்தது. “சரியான நாளைப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு ரெண்டு தெருவுக்கும் குடுத்துடு. கீழே ‘நிர்வாகம்’னு போடு.”

“நிர்வாகம் ஒட்டலையே சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, ‘ஆசிரியர்’னு உன் பேரையே போட்டுக்கோ. திட்டு வாங்கறவாதான் ஆசிரியர்.”

மறுநாள் விடிந்ததும் பந்தல் தெருவில் கதவு கதவாகச் சீட்டைச் சொருகினாள். பூக்காரி குடத்தோடு வந்து, “இன்னிக்காவது வருமா?” என்றாள்.

“வரலைன்னா ஆபீசுக்கு வந்து என்னைக் கேளுக்கா.”

லாரி தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்துவிட்டு, மீதிச் சீட்டுகளோடு கிணற்றுத் தெருவுக்கு நடந்தாள்.