ஒரு டம்ளர் மழை

போன மாதம் ஒரு காலையில் என் மச்சினன் செல்வத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செய்தித்தாளில் வருகிற மழை அளவுப் பட்டியல். அதில் ஒரு வரியை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். அவன் ஊர் பெயர். பக்கத்தில் ஒன்பது மில்லிமீட்டர்.

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அத்தான்... பாத்தியளா? எங்க ஊரும் பேப்பர்ல வந்துட்டு!"

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம். நாலுமுக்கு எவ்வளவு, ஊத்து எவ்வளவு, பாபநாசம் எவ்வளவு... பாளையங்கோட்டையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே மலையில் பெய்த மழையில் நனைவது ஒரு சுகம். சளியும் பிடிக்காது.

அந்தப் பட்டியலில் மழை பெய்த ஊர்களுக்கு மட்டும்தான் இடம். செல்வத்தின் ஊர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன் — அடுத்த தடவை போனால் காபி கிடைக்காது. இந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் அவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து ஊருக்கு மூன்று, அதற்கடுத்த ஊருக்கு ஐந்து. இவர்களுக்கு ஒன்றுமில்லை.

நான் சும்மா இருந்தேனா? தினமும் போன் போட்டேன். "என்னலே செல்வம், இன்னைக்கும் உங்க ஊரைக் காணோமே!"

முதலில் அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு போனை எடுப்பதே குறைந்தது. மனுஷன் நெல்லை நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் அவனிடம் விளையாடிக்கொண்டிருக்கிறேன். இது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒன்பது வந்து நாலாம் நாள், என் வீட்டுக்காரி போனை என் கையில் திணித்தாள். "தம்பி அழுதான். என்னன்னு கேளுங்க."

"அத்தான், கால்வாய்ல தண்ணி விடலை."

அணையில் தண்ணீர் குறைவு. அதனால் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். அந்த வாரம் இவர்கள் முறை. ஷட்டரைத் திறக்க வேண்டிய லஸ்கர் வந்து நின்றுகொண்டு, "உங்க பக்கம் ஒம்பது பெஞ்சிருக்காம்லா? கடைமடையில சொட்டு இல்ல. அவியளுக்கு முதல்ல விடச் சொல்லிட்டாவ. உங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாராம்.

அதிகாரிகளைக் குறை சொல்ல முடியுமா? இருக்கிற கொஞ்சம் தண்ணீரை யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வயல் வயலாகப் போய் மண்ணைத் தொட்டுப் பார்க்க முடியாது. மேஜைக்கு வருகிற எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் நெல் பொதி கட்டி, கதிர் வெளியே வரத் தயாராக நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு வாரம் காய்ந்தால் கதிர் பதராகத்தான் வரும். அவன் வயல் மட்டுமில்லை, ஊர் வயல் அத்தனையும்.

"சரிலே, ஒம்பது பெஞ்சிருக்கே. அந்த ஈரம் தாங்காதா?"



"பெய்யலை அத்தான். நாலு தூத்தல்தான் விழுந்துச்சு. மிச்சத்த நான் ஊத்தினேன்."

ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் விஷயம்! அரசாங்கக் கட்டட வளாகத்தில் வேலிக்குள் நிற்கிறது மழைமானி. மேலே புனல், உள்ளே பாட்டில். பாட்டிலுக்குப் பூட்டு உண்டு. புனலைப் பூட்ட முடியுமா? அப்புறம் மழை எப்படி உள்ளே போகும்? விடியற்காலையில் டீ குடித்துவிட்டு வந்தவன், வேலிக்கு மேலே கையை நீட்டி ஊற்றிவிட்டான். ஊரே ஒன்பது மில்லிமீட்டர் நனைந்துவிட்டது.

"ஏம்லே இப்படிச் செஞ்ச?"

"நீங்கதான தினமும் கேட்டிய..."

அவன் அதோடு நிறுத்தவில்லை. "எல்லாரும் கிரேஸக்காவ ஏசுதாவ அத்தான். அவிய தப்பா எழுதிட்டாவன்னு பேச்சு. வேலையே போயிரும் போல இருக்கு."

கிரேஸக்காதான் அந்த மழைமானியைப் பார்த்துக்கொள்கிறவர். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அளந்து, பதிவேட்டில் எழுதி, போனில் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் லீவு இல்லை, கிறிஸ்மஸுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனைக்கு மணி அடித்த பிறகுதான் அவர் எப்போதும் உள்ளே வருவாராம்.

மறுநாள் முதல் பஸ் பிடித்துப் போனேன். எட்டரைக்கு முன்னாலேயே வேலியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "தரையே நனையலை. ஒம்பது எங்கருந்துக்கா வந்துச்சு?"

கிரேஸக்கா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "பாட்டில்ல ஒம்பது இருந்துச்சு, ஒம்பது எழுதினேன். எனக்கும் சந்தேகம்தான். ஆனா அன்னைக்குத் தூத்தலும் விழுந்துச்சே! சந்தேகத்துக்காக நானே ஒரு எண்ணை மாத்தினா, நாளைக்கு ஆசைக்காகவும் மாத்துவேன்லா?"

கண் கலங்கியிருந்தது.

செல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். "அக்காவ ஏசாதிய. நாந்தான் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினேன்."

அப்புறம் அவனுக்கு விழுந்த வசவுகளை இங்கே அச்சடிக்க முடியாது. நானும் என் பங்கைச் சொன்னேன். பட்டியலைச் சொல்லிச் சொல்லி அவனை உசுப்பிவிட்டது நான்தான் என்று. "படிச்ச மனுசன் செய்யுத வேலையாவே இது?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி.

கிரேஸக்கா யாரையும் திட்டவில்லை. மணி பார்த்தார். எட்டரை. பூட்டைத் திறந்து, காய்ந்து கிடந்த பாட்டிலை எடுத்து, இல்லாத தண்ணீரைக் குடுவையில் கவிழ்த்துப் பார்த்து, '0.0' என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் பழைய பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதை அழிக்கவில்லை. மேலே ஒரே ஒரு கோடு. பக்கத்தில், 'வெளியாள் தண்ணீர் ஊற்றியது. ஏற்க வேண்டாம்.'

"செல்வம், இங்கன உன் பேரை எழுதிக் கையெழுத்துப் போடு."

"பேரும் வேணுமாக்கா?"

"வேணும். தண்ணி இல்லாம உன் வயல் மட்டுமா காயுது?"

போட்டான். அக்கா மேலதிகாரிக்குப் போன் செய்தார். கால்வாய் ஆபீசுக்குக் கடிதமும் எழுதி, ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

அவர்கள் போன பிறகு அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 0.0, 0.0, 0.0. நடுவில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பட்டுச் சுருங்கி, மை பரவி... ஏரல் ஊருக்குள் தாமிரபரணி புகுந்த அந்த வெள்ளத்து மார்கழி மாதம்.

"அன்னைக்கு இங்கன முழங்காலுக்கு மேல தண்ணி அண்ணாச்சி" என்றார். "அளந்து அளந்து ஊத்திக்கிட்டே இருந்தேன். பாட்டில் நிரம்பி வழிஞ்சிட்டா அந்த மழை கணக்குல வராதுல்லா? ஆத்துக்குக் கீழ உள்ளவியளுக்கு எம்புட்டு வருதுன்னு தெரியாண்டாமா?"

வானிலை அறிக்கையை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! மழை என்று சொன்னால் துணி காயப்போடலாம் என்று இதே பக்கத்தில் எழுதியவன்தானே நான். அணையை எப்போது திறப்பது, எந்த ஊரைக் காலி செய்யச் சொல்வது, எப்போது உரம் போடலாம் என்று விவசாயிக்கு வருகிற மெசேஜ்... எல்லாவற்றுக்கும் அடியில், எங்கோ ஒருவர் குனிந்து பார்த்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய ஓர் எண் இருக்கிறது. ஒரு டம்ளர் பொய் கலந்தாலே ஒரு கால்வாய் திசை மாறுகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைமடைக்குப் போன தண்ணீரைத் திருப்ப முடியவில்லை. திருப்பவும் கூடாது, அங்கேயும் பயிர்தான். ஆனால் ஒரு வாரம் என்றது நாலு நாளாகக் குறைந்தது. பயிர் தப்பியது. மேட்டு வயல்களில் மட்டும் கொஞ்சம் பதர். அதில் செல்வத்தின் வயலும் ஒன்று.

இப்போதும் பட்டியல் பார்க்கிறேன். ஆனால் அதில் இல்லாத ஊர்களும் நினைவுக்கு வருகின்றன. அங்கேயும் எட்டரைக்கு யாரோ போய், ஒன்றுமில்லை என்பதை ஒழுங்காக எழுதிவிட்டு வந்திருப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செல்வமே கூப்பிட்டான். குரலில் பழைய சிரிப்பு.

"அத்தான், நாலு மில்லிமீட்டர்! சத்தியமா வானந்தான்... வேணும்னா கிரேஸக்காட்ட கேளுங்க!"