பெயர் போட்ட திருட்டு

எங்கள் கீழ்வீட்டு அமல்ராஜ் அங்கிள் ஒரு திருடர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்தத் திருட்டுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே புனேவுக்கு வந்த குடும்பம். கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற இரண்டாவது வாரமே ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு அவர் இடைஞ்சலாகிவிட்டார். ஆன்ட்டி வாட்டர்கலர் வரைகிறவர். சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதமும் தண்ணீர்க் கிண்ணமும் ஈரத்துணியும்தான். தானும் வரைகிறேன் என்று அங்கிள் ஒரு பிரஷைத் தொட்டதற்கு விழுந்த திட்டு, மேலே எட்டாவது மாடியில், வீட்டிலிருந்தே நான் பேசிக்கொண்டிருந்த ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்டது.

பாவம் என்று என் பழைய லேப்டாப்பில் கிரிட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். காசு கேட்காத ஓவிய மென்பொருள். திரையில் வரைவதற்கு லேப்டாப்போடு இணைகிற ஒரு பேனாவும் பலகையும் கொடுத்தேன். யார் யாரோ செய்து இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்த கணினி பிரஷ்களை எல்லாம் இறக்கி, மனுஷர் வெளுத்து வாங்கினார். ஆன்ட்டி மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“தப்பு பண்ணா பட்டன அமுக்கி அழிச்சிடறது. இதுக்குப் பேரு வரையறதா?” என்பார்.

இரண்டு வருஷத்தில் கணவரின் ஒரு படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. எங்கள் அடுக்குமாடி சொசைட்டியே பாராட்டினாலும் இவள் பார்க்கவில்லையே என்று அங்கிளுக்குள் ஒரே புழுக்கம். எனக்கு ஆன்ட்டி மேல் கோபமாகக்கூட வந்தது.

திருட்டு அங்கேதான் ஆரம்பித்தது. படத்தில் வைப்பதற்கு முன் வண்ணம் எப்படிப் பரவுகிறது என்று ஆன்ட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றிப் பார்ப்பார். பிறகு துண்டு குப்பைக்கூடைக்குப் போகும். அங்கிள் அதைப் பொறுக்கி, என் வீட்டு ஸ்கேனரில் வைத்து, அந்தக் கறைகளையே கிரிட்டாவில் பிரஷ்களாக மாற்றினார். பேனாவை இழுத்தால் திரையில் விழுந்தவை, விளிம்பில் இருண்டு நடுவில் வெளிறிய அசல் தண்ணீர்க் கறைகள்.

“ஊரான் பிரஷ்ஷெல்லாம் ஓசில வாங்கிக்கினோம். நாமளும் எதுனா குடுக்கணும்ல ரோஹிணிம்மா?” என்று அதை இணையத்தில் ஏற்றச் சொன்னார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், செய்தவர் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை.

செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. ஏதாவது புனைபெயர் போடலாம் என்றேன்.

“அரே, செஞ்சவன் பேரு இல்லாம எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு ஸாமான் வாசல் தாண்டாது” என்றார். ‘ஸ்டெல்லா அமல்ராஜ், ஔந்த், புனே’ என்று தானே அடித்தார். திருடிய பொருளில் சொந்தக்காரரின் விலாசத்தை எழுதிவைத்த திருடரை இவரைத் தவிர நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் கணபதி விழாவுக்கு சொசைட்டி ஹாலில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். பி விங் ஆர்க்கிடெக்ட் தேஜஸ், ஔந்த் பாலத்தில் மழை பெய்வதை வரைந்து மாட்டியிருந்தான். ஆன்ட்டி அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அங்கிளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

“பாருங்க, இதான் தண்ணி. எங்க நிக்கணும் எங்க ஓடணும்னு அதுக்கே தெரிது. உங்க பொட்டில வருமா இது?”

அங்கிள் மின்விசிறியைப் பார்த்தார். நான் மோதகத் தட்டைப் பார்த்தேன். ஆன்ட்டி குனிந்து படத்தின் கீழிருந்த சீட்டைப் படித்தார். கணினி ஓவியம், பிரஷ்கள்: ஸ்டெல்லா அமல்ராஜ், ஔந்த், புனே. தேஜஸ் நிபந்தனையை ஒழுங்காக மதித்திருந்தான். அந்த ஸ்டெல்லா யாரென்று அவனுக்கும் தெரியாது. ஏழாவது மாடி ஆன்ட்டிக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எங்கள் சொசைட்டியில் யாரும் யோசித்ததில்லை.

ஆன்ட்டி எங்கள் இருவரையும் முன்னால் நடக்கவிட்டு லிஃப்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குள் நுழைந்ததும்தான் பேசினார்.

“தொறங்க அந்தப் பொட்டிய. நீ எங்க நழுவுற ரோஹிணி? உக்காரு.”

அங்கிள் கறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றைக் கண்டதும் ஆன்ட்டி அலறினார்.

“ஐயோ, இது பிரஷ்ஷ தொடச்சது! இத வச்சி எவன் என்னாத்த வரையறான்?”

“மேகம் வரையறாங்க ஸ்டெல்லா. மஸ்த்தா கீது, ஜோரா கீதுன்னு நெட்ல எழுதறாங்க.”

“மானம் போச்சு” என்றார் ஆன்ட்டி. ஆனால் எத்தனை பேர் எழுதினார்கள் என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்தச் சாக்கில் அங்கிள் தைரியத்தைத் திரட்டித் தன் படம் ஒன்றைத் திறந்தார். மழையில் கட்கி ஸ்டேஷன். ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தண்ணி நல்லா கீது” என்றார் ஆன்ட்டி. “அது என்னுது. மிச்சமெல்லாம் கண்றாவி. கூரை பாருங்க, எப்பிடி சாஞ்சி கெடக்குது!”

“ஆமா ஸ்டெல்லா, ஆமா” என்று அங்கிள் அவசரமாக அடுத்த படத்தைத் திறந்தார். அதற்கும் திட்டு விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பாக அதற்கடுத்ததையும் திறந்தார். மொத்தம் நாற்பது படங்கள். ஒன்றைக்கூட ஆன்ட்டி பார்க்காமல் விடவில்லை.