இலுக்குக் காட்டில் மூன்று கூப்பாடு

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழைகள் இருக்கும், பாதி மறந்தும் போயிருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

போன மாதம், நான் இப்போது மகளோடு இருக்கிற வெளிநாட்டு ஊரான கார்ட்டியர்வில்லில், எங்கள் கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தது. மகள் டவுன்டவுனில் வேலையில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். தீயணைப்புக்காரர் கதவைத் தட்டிப் பிரெஞ்சில் ஏதோ கத்தினார்கள். மூன்று தரம். நான் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் குந்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். கீழ்வீட்டில் சட்டி கருகியதுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் மகள் வந்து, "ஏன்மா குரல் குடுக்கல்ல? உண்மையா எரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள். இதே கேள்வியை ஏழு வயதிலும் என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்போது நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மரமில்லாத பெரிய வெளி, முழுக்க இலுக்குப் புல். கூரை வேய அதைத்தான் வெட்டுவார்கள். வெட்டி மிஞ்சியது முற்றிக் காய்ந்துவிட்டால் மாடு வாய் வைக்காது. தொட்டால் கையைக் கத்திபோல அறுக்கும். அதனால் மழைக்கு முன் நெருப்பு வைப்பார்கள். மழை விழுந்ததும் கருகிய தரையில் பச்சைக் குருத்து வரும். மாடுகளுக்கு அதுதான் விருந்து.

நெருப்பு வைக்கிறது அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் மாட்டுப் பட்டியை அவர்தான் பார்த்தார். வைப்பதற்கு முன் மூன்று தரம் கூப்பிட வேண்டும், அது வழக்கம். உள்ளே நிற்கிறவர் "கூ" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு நான் காடை முட்டை தேடி இலுக்குக்குள் போயிருந்தேன். போனால் கால் முறிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தா. புல் என் தலைக்கு மேலே நின்றது. "உள்ளுக்க ஆரும் இரிக்கீங்களோ?" என்று மாமாவின் குரல் கேட்டது. நான் புல்லுக்குள் குந்திக்கொண்டேன். குரல் கொடுத்தால் பிடிபடுவேன், அடி விழும். இரண்டாம் தரமும் கேட்டது. மூன்றாம் தரம் பாவாடையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

பிறகு சடசடவென்று ஒரு சத்தம். மழைதான் வருகிறதென்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். புகை. ஒரு முயல் என் காலில் முட்டிக்கொண்டு ஓடியது. நானும் அதன் பின்னால் ஓடினேன். காற்றும் அந்தப் பக்கம்தான் ஓடியது, நெருப்பும் அதோடு வந்தது. முதுகு சுட்டது. வாய்விட்டுக் கத்திக் குழறினேன். அந்தக் குழறல் மாமாவுக்குக் கேட்டிருக்கிறது.

"கிறுகு புள்ள! நெருப்புப் பக்கம் கிறுகு! பாஞ்சு இங்கால வா!"

நெருப்பைப் பார்த்துத் திரும்பச் சொன்னதால், சொல் கேளாததற்கு மாமா என்னை நெருப்புக்குள் தள்ளிக் கொல்லப் போகிறார் என்றுதான் விளங்கியது. இன்னும் வேகமாக ஓடினேன். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவரே நெருப்புக்குள்ளால் பாய்ந்து வந்தார். அவர் கையைக் கடித்தேன். அந்தச் சாக்கில் என்னைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பவும் நெருப்புக்குள் பாய்ந்தார். கண்ணைத் திறந்தபோது கரித் தரையில் நின்றோம். எரிந்து முடிந்த இடத்தில் எரிய ஒன்றும் இல்லை. என் கண்ணிமை மயிர் பொசுங்கியிருந்தது. மாமாவின் முழங்கைகள் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"கூப்பிட்டது கேக்கல்லையா?"

"கேட்டது."

"மறுகா ஏன் குரல் குடுக்கல்ல?"

"அடிப்பீங்க எண்டு."

அவர் அடிக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. கைக்கு என்ன நடந்ததென்று அம்மா கேட்டதற்கு, "காத்து மாறிப்போச்சுக்கா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நெருப்பு வைக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று தரம் கூப்பிட்டார். நெருப்புக் குச்சியை எடுத்தார். எடுத்துவிட்டு நாலாம் தரம் கூப்பிட்டார். ஐந்தாம் தரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மாமா, நான் இஞ்சதானே நிக்கிறன்" என்று அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இழுத்தேன். என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு, புல்லைப் பார்த்துத் திரும்பவும் என் பேரைக் கூப்பிட்டார். கூட நின்ற பட்டிக்காரர் ஒருவர், "என்ன மச்சான், புல்லுக்குக் கலியாணம் சொல்றியா? வையன் நெருப்ப!" என்று பகிடி பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்குப் புகையில் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து நானும் சிரித்தேன்.

இதில் ஒரு விசயத்தை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கூப்பிடுகிற வழக்கம் மூன்று தரம்தானா, அல்லது எனக்குத்தான் அப்படி நினைவா? படுவான்கரையில் பட்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். மாமாவிடம் கேட்கலாம் என்றால் அவர் இல்லை.